கூடவே வந்த மேகம்

வரது ரேடாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரகடம் கூட்டுரோட்டில் நிற்கிற பஸ்ஸே கிளம்பிப் போய்விடும் என்று அவருடைய அக்கா சத்யபாமா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது மிகைப்படுத்தல். அப்படி ஒரே ஒரு பஸ்தான் போயிற்று. அதில் ஏற வேண்டியவர் வரதுவே என்பதுதான் விசேஷம்.

விமானப்படையில் பதினைந்து வருஷம் ரேடார் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் திரும்பியவர் அவர். விமானத்தின் மூக்குக்குள் தலையை விட்டு, கழற்றி, துடைத்து, பூட்டி, தரையில் நிற்கும்போதே ஓட்டிப் பார்த்து, ‘சரி’ என்று கையெழுத்துப் போடுவது உத்தியோகம். அதே ரேடார் மேலே போய் என்ன பார்த்தது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பந்திக்கே உட்காராத கல்யாணச் சமையற்காரர் மாதிரி, பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் பறந்தது கிடையாது. இந்தச் சின்ன விவரத்தை மட்டும் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்க அவர் இடம் கொடுத்தால்தானே!

எண்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்த வருஷம். செம்பரம்பாக்கம் ஏரிக்குள் மாடு மேய்ந்தது. ஒரகடம் கூட்டுரோட்டை ஒட்டி சத்யபாமா ஒரு ஃபைபர் கிளாஸ் ஷெட் நடத்திவந்தாள். கண்ணாடி இழைப் பாயை அச்சின்மேல் விரித்து, பிசின் தடவி, உருளையால் தேய்த்து, காய்ந்ததும் உரித்தெடுத்தால் மாடியில் வைக்கிற தண்ணீர்த் தொட்டி. தண்ணீரே இல்லாத வருஷத்தில் தொட்டியை யார் வாங்குவார்கள்? ஷெட்டுக்கு வெளியே தொட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. இரண்டில் கோழிகள் குடித்தனம் வந்துவிட்டன.

“தீபாவளிக்குள்ள ஒரு வழி பிறக்கலேன்னா ஷெட்டை இழுத்து மூடிடப்போறேன்டா வரது,” என்றாள் அக்கா. “இங்க வேலைக்கு வர்ற பொம்மனாட்டிகளை நம்பி வீட்டுல உலை வெச்சுண்டிருக்கா. அவாளை எத்தனை நாள் சும்மா உட்கார வெக்கறது? நீயும் வேற எங்கயாவது போய் ரேடார் பேசு.”

வழி மீனம்பாக்கத்தில் பிறந்தது. அங்கே ஒரு சின்னக் கம்பெனி, மேகங்களில் உப்புத் தூவி மழை வருவிக்கிற வேலையை எடுத்திருந்தது. உப்பு இருந்தது, இரட்டை எஞ்சின் விமானம் இருந்தது, எந்த மேகத்துக்குள் நீர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல மூக்கில் ரேடாரும் இருந்தது. ஆனால் ஒரு பருந்து வந்து மோதி, ரேடாரை மூடியிருந்த கூம்பு விரிசல் விட்டுப்போயிற்று. வெளிநாட்டிலிருந்து புதுக் கூம்பு வர மாசக்கணக்கில் ஆகும். விஷயம் காதில் விழுந்ததும் வரது பஸ் பிடித்து (இந்தத் தடவை பேசாமல் ஏறினார்) கம்பெனியின் கேப்டன் முன்னால் போய் நின்றார்.

“ஃபைபர் கிளாஸ் எங்களுது, ரேடார் என்னுது. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ வேற எங்க கிடைக்கும் சார்?”

கேப்டன் நரைத்த மீசையை நீவிக்கொண்டார். “செய்யுங்க மிஸ்டர் வரது. பறந்து பார்ப்பேன். நல்லா வந்தா எங்க மூணு விமானத்துக்கும் கூம்பு, எஞ்சின் மூடி எல்லாமே உங்க ஷெட்தான். வரலைன்னா, ஸாரி, வெளிநாட்டுக்குத்தான் எழுதணும். தொட்டி செய்யற இடத்துல இதைக் குடுக்கறேன்னே எல்லாரும் சிரிக்கறாங்க.”

அக்காவிடம் வந்து சொன்னபோது வரது கேப்டனின் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டார்.

வேலை ஆரம்பித்த அன்று ஷெட்டின் சுவரில் கரியால் ஒரு விமானம் வரைந்து பாடம் நடத்தினார். விமானம் சுமாராகத்தான் வந்தது. கெண்டை மீனுக்கு இறக்கை முளைத்த மாதிரி.

“இந்த மூக்குக்குள்ள ஒரு தட்டு இருக்கு. தாம்பாளம் மாதிரி. கோயில் யானை தலையை ஆட்டற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிண்டே இருக்கும். ஒரு அலையை அனுப்பும், உடனே காது கொடுத்துக் கேக்கும். எதிர்ல மழைத்துளி இருந்தா அலை மோதித் திரும்பும். எவ்வளவு நேரத்துல திரும்பித்துன்னு பார்த்தா மழை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு தெரிஞ்சுடும். பைலட் எதிர்ல ஒரு திரை இருக்கும், அதுல பச்சையாத் தெரியும். சண்டை விமானத்துல இதை வெச்சு இருட்டுல எதிரியைத் தேடுவா. கடல்மேல கப்பலைத் தேடுவா. நாம மழையைத் தேடறோம். எல்லாம் ஒரே டார்ச் லைட்தான். திருடனையும் தேடலாம், காணாமப்போன செருப்பையும் தேடலாம்.”

“இந்தக் கூம்பு எதுக்கு சார்? தட்ட அப்டியே உட்டா இன்னா?” என்றாள் சின்னப்பொண்ணு. பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள். பாய் ஒட்டுவதில் கெட்டிக்காரி, வாய் அதைவிடக் கெட்டி.

“காத்து பிச்சுண்டு போயிடும். காத்துக்கு இது சுவர் மாதிரி இருக்கணும். ரேடார் அலைக்கு மட்டும் சுவரே இல்லாத மாதிரி இருக்கணும். ஒரு பாய் கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு.”

சின்னப்பொண்ணு யோசித்தாள். “புரிஞ்சிபோச்சி சார். எங்க மாமியா மாதிரி. மவனுக்கு வாசப்படி, மருமவளுக்கு செவுரு.”

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். தன்னுடைய யானை உவமையைவிட இது நன்றாக இருக்கிறதே என்று வரதுவுக்கு உள்ளூரப் பொறாமை. அதைச் சட்டங்களாகப் போட்டுத் தீர்த்துக்கொண்டார்.

“உலோகம்! உலோகம்தான் எமன். ஒரு துளி உலோகம் இந்தக் கூம்புல ஒட்டினா அலை கண்டபடி சிதறிப்போயிடும். நாளையிலேருந்து வளையல் கிடையாது, கொண்டை ஊசி கிடையாது, சேஃப்டி பின் கிடையாது.”

மறுநாள் கையில் ஒரு காந்தத்தோடு வாசலில் நின்றார். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம். முந்தானை ஓரம், ரவிக்கைத் தோள், பின்னல் நுனி என்று ஒவ்வொருத்திக்கும் நீட்டி நீட்டிப் பார்த்தார். லீலா என்பவளின் முந்தானையில் இருந்த பின் ஒன்று பாய்ந்து வந்து ஒட்டிக்கொண்டதும், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த ஏட்டையா போல நிமிர்ந்தார்.

சின்னப்பொண்ணுவின் காலைக் காட்டி, “மெட்டி?” என்றார்.

“தோ பாருங்க சார். மெட்டிய கழட்டுனா எங்க வூட்டுல எனுக்கு சோறு கெடைக்காது. என் கால் எங்க கீது, ஒங்க கூம்பு எங்க கீது?”

“பறந்துண்டு போறச்சே தெரியும், எங்க இருக்குன்னு.”

கடைசியில் இரண்டு காலிலும் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தாள். கட்டை விரல் தெரியாத இரண்டு பொட்டலங்கள் தரையில் நடந்து போவது மாதிரி இருந்தது. பெயிண்டர் பலராமனிடம் இருந்த வெள்ளி பெயிண்ட் டப்பாவையும் வரது விடவில்லை. தொட்டிகளின் இரும்புத் தாங்கிகளுக்கு அடிப்பது அது.

“அது முழுக்க அலுமினியத் தூள்டா பலராமா! இந்தக் கூரைக்குக் கீழேயே அது இருக்கப்படாது.”

டப்பா பின்பக்கம் வைக்கோல் கொட்டகைக்குப் போயிற்று. காந்தம் அலுமினியத்தை இழுக்காது என்பதையும் அன்றைக்கே ஒரு பாடமாக நடத்தினார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கூம்பு உரித்து வந்தபோது அழகாகவே வந்தது. பெரிய கோயில் அண்டா ஒன்றைப் பக்கவாட்டில் இழுத்து நீட்டிய மாதிரி, மழமழவென்று. பலராமன் வெள்ளை அடித்தான். சத்யபாமா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “நன்னா இருக்குடா,” என்றாள். அக்கா வாயிலிருந்து அந்தச் சொல் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம்.

மறுநாள் ஆயுத பூஜை.

ஷெட்டைக் கழுவி மாவிலை கட்டினார்கள். உருளை, பிரஷ், கத்தி, சுரண்டி, தின்னர் டப்பா எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பூஜையில் வைத்த சாமானை அன்று தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்து கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்கலாம். கோழி குடித்தனம் இருந்த தொட்டிக்குக்கூட ஒரு பொட்டு கிடைத்தது. கூம்பு மட்டும் நடுவில் வெள்ளை வெளேரென்று நின்றது.

“எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாச்சி. இது மட்டும் மூளியா கீது,” என்றாள் சின்னப்பொண்ணு. “நாளைக்கு வானத்துல போவப்போற சாமான் சார்.”

“விஞ்ஞானத்துக்கு இதெல்லாம் ஒத்துக்காது,” என்றார் வரது. மஞ்சள், குங்குமம், சந்தனம் இவற்றின் ஈரப்பதம் பற்றி அவர் பேச ஆரம்பித்ததும் எல்லாரும் பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பேருரை தனியாக முடிந்தது.

ஷெட்டில் அவரும் கூம்பும் மட்டும். பார்க்கப் பார்க்க மூளியாகத்தான் இருந்தது. வரது பிறந்தது ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருவில். அவர் வீட்டுப் பீரோ, சைக்கிள் மட்கார்டு, அரிசி டிரம் எல்லாவற்றுக்கும் நெற்றியில் நாமம் உண்டு. தன் வாழ்நாளில் முதல்முதலாகச் செய்த விமான உறுப்பு நாமம் இல்லாமல் ஆகாயத்துக்குப் போவதா? ஒரு சின்ன நாமம். பூஜை முடிந்து நாளை காலையில் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

நடுக் கோட்டுக்குச் சிவப்பு இருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை வேண்டும். வெள்ளைக் கூம்பில் வெள்ளை நாமம் போட்டால் பெருமாளுக்கே தெரியாது. வரது வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு வைக்கோல் கொட்டகைக்குப் போனார்.

பூஜையில் வைத்த பிரஷ்ஷைத் தொடாமல் விரலாலேயே போட்ட வெள்ளி நாமம், பாதத்தோடு, கூம்பின் நுனிக்குச் சற்று மேலே தகதகவென்று விழுந்தது. வளைந்த பரப்பில் அவ்வளவு சீராகப் போட இந்த ஜில்லாவில் வேறு ஆள் கிடையாது என்று அவருக்கே தோன்றியது. கை கூப்பினார். யாருக்கு என்று அப்போது அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பெருமாளுக்கா, தன் கைக்கா?

விஜயதசமி அன்று பஸ் தாமதம். வரது வந்து சேர்ந்தபோது மறுபூஜை முடிந்து, மீனம்பாக்கத்திலிருந்து வந்த டெம்போ வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. கூம்பு பளிச்சென்று வெள்ளையாக நின்றது. நாமம் இல்லை. துடைத்துவிட்டிருக்கிறார்கள். வரதுவுக்கு உயிர் வந்தது. யார் துடைத்தது என்று கேட்கலாம். கேட்டால் யார் போட்டது என்ற பேச்சு வரும். வெள்ளி டப்பா பேச்சும் வரும். அதனால் வாயை மூடிக்கொண்டு டெம்போவில் ஏறினார். அவர் வாழ்க்கையில் வாயை மூடிய சொற்பத் தருணங்களில் அதுவும் ஒன்று. தவறான தருணம்.

மீனம்பாக்கத்தில் கூம்பு கச்சிதமாகப் பொருந்தியது. தரையில் ரேடாரைப் போட்டுப் பார்த்தார்கள். சுற்றிலும் கட்டடமும் தகரக் கொட்டகையுமாக இருந்ததால் திரை முழுக்கப் பச்சை. அதில் நல்லது கெட்டது எப்படித் தெரியும்?

“மேல போய்ப் பார்த்துடலாம்,” என்றார் கேப்டன். “நீங்களும் வாங்க மிஸ்டர் வரது. பழக்கம்தானே உங்களுக்கு?”

“ஓ,” என்றார் வரது.

விமானம் தரையை விட்டதும் அவர் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். எஞ்சின் சத்தத்தைக் கவனிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது பன்னிரண்டாயிரம் அடி. கீழே செம்பரம்பாக்கம் ஏரி, வெடித்த தரையோடு, காயப்போட்ட அப்பளம் மாதிரி கிடந்தது. மேலே துடைத்துவிட்ட நீலம்.

கேப்டன் ரேடாரைப் போட்டார். திரையில் கோடு இடமும் வலமுமாக வீசியது. நடுவில், விமானத்துக்கு நேர் எதிரே, பச்சையாக ஒரு பிறை எழுந்தது.

“மேகம்!” என்று வரது கத்தியேவிட்டார். “ரெண்டே மைல் சார்! நல்ல கனமான மேகம்!”

கேப்டன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நீலம். “எங்கே?”

“கண்ணுக்குத் தெரியாது சார். அதுக்குத்தானே ரேடார்.”

அந்தப் பதிலில் வரதுவுக்கே பெருமை பிடிபடவில்லை. கேப்டன் நேராக ஓட்டினார். இரண்டு மைலைத் தாண்ட ஒரு நிமிஷம் போதும். ஐந்து நிமிஷம் ஓடிற்று. பிறை அதே இரண்டு மைலில் நின்றது.

“மேகமும் நகர்றது சார்.”

“நம்ம வேகத்துலயா?”

“மேல காத்து ஜாஸ்தி.”

கேப்டன் விமானத்தை இடது பக்கம் வளைத்தார். பிறையும் வளைந்து வந்து நேர் எதிரே நின்றது. வலது பக்கம் வளைத்தார். அங்கேயும் வந்தது.

“உங்க மேகம் ரொம்ப விசுவாசமா இருக்கு மிஸ்டர் வரது. எங்க வீட்டு நாய்கூட இப்படிக் கூட வராது.”

கேப்டன் இறக்க ஆரம்பித்தார். ஒன்பதாயிரம், எட்டாயிரம். பிறை நெருங்கி நெருங்கி வந்தது. ஆறாயிரத்தில் ஒரே மைல். “சார், மோதப்போறோம்!” என்று வரது காலை மடக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டார். வெளியே பளீரென்ற வெயிலில் ஒரு கொக்கு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

காலை மடக்கிய அந்த நிலையில்தான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. விமானப்படைப் பயிற்சியில் படித்தது. பன்னிரண்டாயிரம் அடி என்றால் இரண்டு மைல் உயரம். மேகமும் இரண்டு மைல். ஆறாயிரம் அடி ஒரு மைல். மேகமும் ஒரு மைல். எவ்வளவு உயரத்தில் பறக்கிறார்களோ அவ்வளவு தூரத்தில் எதிரே ஒன்று தெரிகிறதென்றால் அது மேகமே அல்ல, பூமி. கூம்பு அலையைச் சிதறடித்துக் கீழே அனுப்புகிறது, அலை தரையில் பட்டுத் திரும்புகிறது, அப்பாவித் திரை அதை எதிரே இருப்பதாகக் காட்டுகிறது. இவ்வளவு நேரமும் கனமான மழைமேகம் என்று அவர் சத்தியம் செய்தது காய்ந்துபோன செம்பரம்பாக்கம் ஏரியை.

“சார், அது தரை,” என்றார் ஈனசுரத்தில்.

“தெரியும். மூணாவது நிமிஷமே சந்தேகம் வந்துடுச்சு. நீங்க எவ்வளவு தூரம் போறீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.”

விமானம் திரும்பியது. கூம்பில் எங்கேயோ உலோகம் இருக்கிறது என்று வரது கணக்குப் போட்டார். பிறை நடுவில் மட்டும் தெரிவதால் நுனிப் பக்கம். சின்னப்பொண்ணு மெட்டியைக் கழற்றாதது ஞாபகம் வந்தது. அவள்தான்! துணியை அவிழ்த்திருப்பாள். இல்லை, லீலாவின் பின் ஒன்று தப்பியிருக்கும். பலராமனின் சுரண்டி முனை உடைந்து உள்ளே போயிருக்கும். ஷெட்டில் வேலை செய்கிற ஒவ்வொருவரையும் கூண்டில் ஏற்றி விசாரித்து முடித்தார். யார் பேரிலும் சாட்சி இல்லை. ஆள் வேறு மிச்சம் இல்லையே என்று பார்த்தபோது, கூட்டத்துக்குப் பின்னால், கையில் வெள்ளி டப்பாவோடு ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார்.

நாமத்தை யாரும் துடைக்கவில்லை, மேலே வெள்ளை அடித்து மூடியிருக்கிறார்கள்! வரது கண்ணை இறுக மூடிக்கொண்டார். விமானம் இறங்குவதால் என்று கேப்டன் நினைத்துக்கொண்டார்.

தரையில் இறங்கியதும் கேப்டன் கூம்பைத் தட்டிப் பார்த்தார். “கைவேலைதான் பிரச்சினை. பெண்கள் பாய் பாயா ஒட்டினது. ஒரு இடத்துல தடிமன் கூடும், ஒரு இடத்துல குறையும். குற்றம் சொல்லலை, தொட்டிக்கு இது போதும். ரேடாருக்குப் போதாது. கழட்டி அனுப்பிடறேன். வெளிநாட்டுக்கே எழுதிக்கறோம்.”

வரது தலையை ஆட்டினால் போதும். ‘ஆமாம் சார், கைவேலை’ என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறலாம். வெள்ளைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ரேடார் வரது ரேடார் வரதுவாகவே இருக்கலாம். தீபாவளிக்கு ஷெட் மூடும், அவ்வளவுதான். துணி சுற்றிய இரண்டு பொட்டலக் கால்கள் அவர் கண்முன்னால் நடந்து போயின.

“அவா கைவேலை இல்லை சார். என் கைவேலை.”

“என்னது?”

“நாமம் சார்.”

கேப்டனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் மீசை ஆடியது. “அலுமினியத்துலயா?”

“வெள்ளையில போட்டா தெரியாதே சார்.”

“நீங்கதானே போன வாரம் எனக்கே உலோகத்தைப் பத்தி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தீங்க?”

“எடுத்தேன் சார். நன்னாவே எடுத்தேன். நான் ஒருத்தன்தான் அதைக் கேக்கலை. ஆனா யாரோ துடைச்சுட்டான்னுதான் நெனச்சேன். தின்னரும் ஒரு சுரண்டியும் குடுங்கோ. பொய்யா இருந்தா உங்க இஷ்டம்.”

ஏணியில் ஏறிச் சுரண்டினார். மேல் வெள்ளை உரிந்தது. கீழே வெள்ளி நாமம், அழியாமல் குலையாமல், அவரைப் பார்த்துச் சிரித்தது. தன் கைக்குட்டையால், அது போதாமல் மேல்துண்டால், கடைசித் தூள்வரை துடைத்தெடுத்தார். கொட்டகை மெக்கானிக்குகள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். விமானத்துக்கே நாமம் போட்ட ஆளை அவர்கள் முதல்முதலாகப் பார்க்கிறார்கள்.

மறுபடி மேலே போனார்கள். இம்முறை வரது கண்ணை மூடவில்லை. திரையில் கோடு வீசியது. ஒன்றும் இல்லை. கறுப்பு. சுத்தமான, அழகான கறுப்பு. மழைக்காக ஊரே ஏங்கிய வருஷத்தில் எதிரே ஒரு துளிகூட இல்லை என்று தெரிந்து கண்கலங்கிய மனிதர் அவர் ஒருவர்தான்.

கிழக்கே கடல் பக்கம் திரும்பியதும் திரையின் மேல் ஓரத்தில் பச்சையாக ஒரு சிறு தீற்றல். கேப்டன் விமானத்தை இடது பக்கம் வளைத்தார். தீற்றல் கூட வரவில்லை. திரையில் வலது பக்கமாக நழுவிப்போயிற்று.

“வரலை சார்!” என்று வரது துள்ளினார். “கூட வரலை! நிஜ மேகம்!”

கேப்டன் சிரித்துவிட்டார். “உட்காருங்க. பெல்ட்டை அவிழ்க்காதீங்க. கூம்பு பாஸ். மத்த ரெண்டையும் செய்யச் சொல்லுங்க அந்தப் பெண்களை. ஒரே ஒரு நிபந்தனை, அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னாலயே டெலிவரி ஆயிடணும்.”

மறுநாள் ஷெட்டில் எல்லாரும் வாசலிலேயே காத்திருந்தார்கள்.

“மேகம் கெடச்சிதா சார்?” என்றாள் லீலா.

“ஒண்ணுமே இல்லை!” என்றார் வரது முகமெல்லாம் மலர்ந்து. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

பிறகு அவர் முழுவதையும் சொன்னார். சொல்லாமல் இருக்க முடியாது. மீனம்பாக்கத்து டெம்போ டிரைவர் அதற்குள் கூட்டுரோட்டு டீக்கடையில் பாதிக்கு மேல் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

“நான்தான் சார் மேல வெள்ள அடிச்சேன்,” என்றான் பலராமன் மெதுவாக. “பூஜையில வெச்ச சாமி. தின்னரு போட்டு தொடச்சா பாவம்ல? அதான் மேல வெள்ள போத்தி அனுப்பிச்சேன். வெள்ளில இருந்திச்சி, பார்த்தேன். ஒரு செகண்டு யோசிச்சேன். அப்பறம், சாரே போட்டுகீறாரு, வெவரம் இல்லாம போடுவாரான்னு வுட்டுட்டேன்.”

வரதுவுக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சத்யபாமா இவ்வளவு நேரமும் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். “ஆக, ஷெட்டை மூட வேண்டாம்கறே.”

“வேண்டாம் அக்கா. ரெண்டு கூம்பு வந்திருக்கு. எஞ்சின் மூடியும் வரும்.”

“அந்தச் சுரண்டின இடத்துக்கு வெள்ளை அடிச்சுக் குடுத்தியோ?”

“அடிக்கலாம்னேன். கேப்டன் வேண்டாம்னுட்டார்.” வரது தரையைப் பார்த்தார். “சுரண்டினது கச்சிதமா நாமம் மாதிரியே வந்துடுத்து அக்கா. ஃபைபர் நிறத்துல. உலோகம் இல்லை, அலை தாராளமாப் போறது. அப்படியே இருக்கட்டும்னார்.”

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து வெகுநேரம் இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

மறுநாள் காலை. புதுக் கூம்பு வேலை ஆரம்பம். வரது வாசலுக்கு வந்தபோது சின்னப்பொண்ணு குறுக்கே நின்றாள். காலில் துணி இல்லை. மெட்டி இரண்டும் வெயிலில் மினுங்கின. கையில் அந்தக் காந்தம்.

“நில்லுங்க சார். கைய நீட்டுங்க.”

“என்ன சின்னப்பொண்ணு இது?”

“உலோகம் சார், உலோகம். உலோகம்தான் எமன். நீட்டுங்க.”

பின்னால் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்றுகொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். வரது இரண்டு கையையும் நீட்டினார். சின்னப்பொண்ணு காந்தத்தை உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு என்று நிதானமாக ஓட்டினாள். பிறகு சட்டைப்பை. பிறகு, ஏட்டையா முகத்தோடு, நெற்றி.

“ஒட்டல. உள்ள போங்க சார்.”

காந்தம் அலுமினியத்தை இழுக்காது என்று விளக்க வரது வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு ஷெட்டில் தினமும் அதுதான் வழக்கம். பெண்கள் நேராக உள்ளே போவார்கள். வரதுவுக்கு மட்டும் வாசலில் சோதனை.